முடிவு வரை இருந்து பார்த்த படம்

எனக்குப் படங்களோடு தீராத கோபம் ஒன்று உண்டு. மூன்று மணித்தியாலம் ஆளை அழவைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் செத்தவன் எழும்புவான், குருடிக்குக் கண் தெரியும், வெள்ளத்தில் போன பிள்ளை மச்சத்தைக் காட்டிக்கொண்டு அரண்மனைக்குள் வந்து நிற்கும். திரையில் 'சுபம்' விழும். யாருடைய காதில் பூச்சுற்றுகிறார்கள்?

இதில் வேடிக்கை, அந்த முடிவுகளில் ஒன்றையும் நான் அப்போது கண்ணால் கண்டதே இல்லை. நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். தமிழ்ப் படம் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும். படம் முடிந்து இங்கிலாந்து அரசருக்கு வாழ்த்துப் பாடும்வரை இருந்தால் டிராமில் கால் வைக்க இடம் கிடைக்காது என்று அப்பா கடைசிக் கட்டத்தில் எங்களை எழுப்பிவிடுவார். எல்லாரும் கடைசியில் ஒன்றுசேரத்தானே போகிறார்கள், அதை இருந்து பார்ப்பானேன் என்பார். மிச்சக் கதையை அம்மா டிராமில் சொல்லி முடிப்பார், ஏதோ தான் மட்டும் தனியே இருந்து பார்த்துவிட்டு வந்ததுபோல. அம்மாவின் முடிவுகளில் வில்லன்கூட உயிர்பெற்று எழும்புவான். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அம்மா யாருக்காக அப்படிச் சொன்னார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தான் அக்காவைக் கலியாணம் முடித்த கையோடு மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனவர். வீடு பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவதாகப் பேச்சு. அதற்குள் யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். அதன்பிறகு ஒரு சொல் இல்லை. யுத்தம் முடிந்து மற்றவர்களின் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அப்படி வந்த ஒருவர், அத்தானைச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அங்கே போனவர்கள் திரும்பியதில்லை என்றார். அம்மா அவருக்குக் கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த மனிசன் ஆளை மாறிச் சொல்கிறார் என்றார்.

இந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியது. தெஹிவளையில் இருந்த மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரே ஒரு கேள்வி: ஆராத்தி எடுக்க நிற்கப்போகும் மூத்தவள் சுமங்கலியா, இல்லையா? அதை முதலில் தீர்த்துவிட்டு நாள் பார்க்கலாம் என்றார். அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டில் நான் சொல்லி எது நடந்தது? அத்தான் வருவார் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். இது படமில்லை என்று நான் கத்தினேன். பெரியப்பா பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். கடைசியில் அக்காதான் அந்தச் சண்டையை முடித்துவைத்தாள். என்னால் தங்கச்சியின் காரியம் தடைப்பட வேண்டாம், அவர் செத்துப்போனார் என்று வைத்துக் கிரியையைச் செய்யுங்கள் என்றாள்.

அமாவாசைக்குக் கடற்கரையில் கிரியை என்று ஐயரிடம் சொல்லியாயிற்று. முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. படம் பார்க்கப் போகவேண்டும் என்று அக்கா கேட்டாள். நாளைக்குப் பிறகு அவள் பூவும் பொட்டுமாகக் கொட்டகைக்குப் போக முடியாது. எல்லோரும் வெளிக்கிட்டோம்.

படத்தில் வழமைபோல ஒரு புருஷன் காணாமல் போனான். வழமைபோல அப்பா எழுந்து சால்வையை உதறினார். அக்கா அசையவில்லை.

"இண்டைக்கு முடிவைப் பாத்திட்டுப் போவம் அப்பா" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். புருஷன் வந்தான். பெண்சாதி மயங்கி அவன் காலடியில் விழுந்தாள். சுற்றியிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அக்கா அழவில்லை, எனக்குத்தான் அந்தத் திரையைக் கிழிக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. பிறகு அரசர் நீடூழி வாழ எழுந்து நின்றோம். டிராமில் இடமில்லை. கோட்டை ஸ்டேசனில் ரயிலையும் தவறவிட்டோம். அன்று அம்மாவுக்குச் சொல்வதற்குக் கதை எதுவும் மிச்சமில்லை.

வீட்டுக்கு வரும்போது பொழுதுபட்டுவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால், படியில், எலும்பும் தோலுமாக ஒரு மனிசன் வெறும் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, யாரோ அரிசிக் கூப்பன் விசாரிக்க வந்தவர் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். எங்கள் அம்மா கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"எங்கை போனியள் எல்லாரும்? மத்தியானம் தொட்டு இருக்கிறன்" என்றார் அத்தான்.

அக்கா மயங்கவில்லை, காலிலும் விழவில்லை. திறப்பை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்று, "ஒரு தந்தி அடிக்கேலாதோ உங்களுக்கு?" என்றாள்.

அடித்தாராம். அந்தத் தந்தி நாலு நாள் கழித்து ஆறுதலாக வந்து சேர்ந்தது.

சரியாகக் கிரியைக்கு முதல்நாள்! இதை ஒரு படத்தில் வைத்திருந்தால் நானே எழுந்து போயிருப்பேன். சந்தோஷம் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இனி அம்மாவோடு யார் கதைத்து வெல்வது? முன்னறையில் அவர் தொடங்கிவிட்டார்: தனக்கு அப்போதே தெரியும், கிரியை வேண்டாமென்று ஐயருக்கு ஆள் அனுப்ப வேண்டும், தெஹிவளைக்கும் சொல்லவேண்டும். அத்தான் சிரிப்பது கேட்டது.

நான் குசினிக்குப் போனேன். அக்கா உலை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேர்த்துக் கொட்டியது.

"கிரியை முடிஞ்சு நாளண்டைக்கு வந்திருந்தா, நான் ஆரெண்டு அவருக்கு முன்னால போய் நிண்டிருப்பன்?" என்று கேட்டாள்.

அம்மா சொன்ன அத்தனை முடிவுகளிலும் ஒருத்தியாவது இதைக் கேட்டதில்லை. அக்கா முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போனாள். கையைப் பாதியில் நிறுத்தினாள். பொட்டைத் தொடாமல் கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டு, அரிசியைக் களையத் தொடங்கினாள்.