ஏழு எங்கே போனது?

“ஏழு அந்தப் பக்கம் போனா எதுக்கு மைனஸ் ஆகணும், பாப்பா?” என்று மதினி கேட்ட மதியம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அண்ணன் மகன் உறங்கிக்கொண்டிருந்தான். நான் அப்போது தேனியில் கல்லூரிக் கடைசி வருடம், கணக்குப் பாடம்.

மதினி பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறியவர். அதே வருடம் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டார். ஊர் அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், பத்தாவது தேறியிருந்தால் போதும் என்று பேச்சு வந்ததும், மறுபடி பரீட்சை எழுதுகிறேன் என்றார். அண்ணன் உடனே சம்மதித்தான். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “பந்தல்ல திராட்சை பறிக்க ஆளில்ல. அவளுக்குப் பரிச்சை ஒண்ணுதான் கொறச்சலாக்கும்” என்று மதினியின் காதில் விழவே சொன்னார். மதினி பந்தலுக்குப் போனார். பறித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டு படிக்க உட்கார்ந்தார்.

அன்று நான் எழுதிக் கொடுத்த கணக்கு 4x + 7 = 31. ஏழை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று எனக்குச் சொல்லித்தந்தபடியே சொன்னேன். எத்தனையோ முறை அப்படிப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஏன் மாற வேண்டும் என்று கேட்டதில்லை. மதினி விடவில்லை. “இங்கன நல்லாத்தான இருந்துச்சு? அங்கன போனதும் குணம் மாறிப்போகுமா?”

நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். “ரெண்டு கூடை திராட்சை, ஒரே எடைனு வச்சுக்கங்க மதினி. ஒண்ணுல ஒரு கொத்த எடுத்தா?”

“இன்னொண்ணுலயும் அதே அளவு எடுக்கணும். இல்லாட்டி சமமா இருக்காது.”

“அதேதான். ரெண்டு பக்கமும் ஏழை எடுங்க.”

மெதுவாக எழுதினார். இடப்பக்கம் 4x மட்டும் நின்றது, வலப்பக்கம் 24. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் பிள்ளை விழித்துக்கொள்ளும்படிச் சிரித்தார். “அப்ப ஏழு அங்கன போகவே இல்லையே பாப்பா! இங்கனயே தீந்துபோச்சு!”

பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் நான்கால் வகுத்தார். x ஆறு என்று வந்தது. “சரியானு எப்படித் தெரியும்?” என்று அவரே கேட்டு, ஆறை மறுபடி கணக்குக்குள் வைத்துப் பார்த்தார். நாலாறு இருபத்து நாலு, ஏழு சேர்த்தால் முப்பத்தொன்று. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கணக்கைக் கேட்டார்.

இப்போது நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சமன்பாடு தொடங்கும் நாளில் ‘அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்ற சொல்லே என் வாயில் வருவதில்லை. மதினிக்கு அங்கன்வாடி வேலை உடனே அமையவில்லை, அடுத்த முறை ஆள் எடுத்தபோதுதான் கிடைத்தது. பிள்ளைகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பரீட்சை முடிவு வந்த காலைதான். போனில் பார்த்து உரக்கப் படித்தேன். மதினி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அம்மாவைக் காணவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். பால் ஊற்ற வந்தவரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை ‘அவ’, ‘இவ’ என்று ஒருமையில் தவிர மருமகளைச் சொல்லி அறியாதவர்.

“எங்க மருமக கணக்குல பாஸாயிட்டாக” என்றார் அம்மா.