காணாமல் போன மாமனார்

மிருகக்காட்சிசாலையின் வாசலை ஒட்டி, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தொலைபேசி, சுவரோரம் ஒரு பெஞ்சு. பதினோரு வருடங்களாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை அங்கே வேலை செய்கிற எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் அவளுக்கே திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடிக்கும்.

வழிதவறிய பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்ப்பதுதான் அவள் வேலை. சாதாரண நாளில் ஒன்றிரண்டு, விடுமுறை நாளில் பத்துப் பன்னிரண்டு. இத்தனை வருடத்தில் அவள் கண்டுவைத்திருந்த சங்கதிகள் சில உண்டு. தொலைந்த பிள்ளை உடனே அழாது, பெற்றவர்கள்தான் முதலில் அழுவார்கள். சிங்கத்தின் கூண்டருகே போய்த் தேடுவது வீண். குழாயடியிலோ, தோட்டக்காரர் தண்ணீர் பாய்ச்சும் இடத்திலோ, காக்காய் கூடி நிற்கும் இடத்திலோ பிள்ளை நிற்கும். எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடக் கூடாது, ஒருவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்கு மனசு ஆறாது. என்ன நிறத்தில் உடை என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "காலைல தன் கையால போட்டுவிட்ட சட்டை என்ன கலருன்னு கூடவா ஒருத்திக்குத் தெரியாது?" என்று வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுவாள். மாமியார் ஆமாம் போடுவார். மாமனார் காதில் அது பாதிதான் விழும். நாற்பது வருடம் லேத் பட்டறையில் நின்றவர். இரும்பு கடையும் சத்தம் அவருடைய இடது காதை வாங்கிக்கொண்டு விட்டது. மருமகளின் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால், "மைக்கைப் பிடிச்சுக் கத்துற உத்தியோகம்" என்பார். குத்தலாக அல்ல, வெயில் அடிக்கிறது என்பதுபோல.

ஊரார் பிள்ளைகளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்தை அவள் பிள்ளைகள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. விடுமுறை என்றாலே அவளுக்கு வேலை கூடுகிற நாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடம், ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கறுப்பாமே என்று வகுப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியவில்லை. உங்க அம்மா அங்கே வேலை செய்வதே பொய் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த மகள், இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

மைக்கக்கா மேலாளரிடம் போய் நின்றாள். பள்ளி விடுமுறையின் நடுவில், கூட்டம் அலைமோதும் ஒரு புதன்கிழமையில், ஒரு நாள் லீவு வேண்டும் என்றாள். அவர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார். டிக்கெட் ஜன்னலில் புதிதாகச் சேர்ந்த பெண் அன்று மைக்கைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

பஸ் ஓட்டுகிற கணவனுக்கு அன்றைக்கு டியூட்டி. ஆகவே இவளும், மகளும், நான்கு வயது மகனும், மாமியாரும், மாமனாருமாக ஐந்து பேர் கிளம்பினார்கள். ஒரு பகல் பொழுதுக்கு மாமியார் நான்கு பை கட்டியிருந்தார். மாமனார் கைவீசிக்கொண்டு வந்தார். சார்ஜ் இல்லையென்று போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டார்.

ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கறுப்புதான். மகள் அதை மூன்று முறை உறுதி செய்துகொண்டாள். பிறகு குரங்குகள், கரடி, பாம்புகள் எல்லாம் பார்த்து முடித்து, ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள். மாமனார் கை கழுவக் குழாயடிக்குப் போனார். மகன் அவசரம் என்று நெளிந்ததால் மைக்கக்கா பிள்ளைகள் இருவரையும் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே நீண்ட வரிசை. திரும்பி வந்தபோது மாமியார் பைகளில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். மாமனாரைக் காணோம்.

கால் மணி நேரம் பார்த்தார்கள். குழாயடியில் இல்லை, பக்கத்துக் கூண்டுகளில் இல்லை, நிழலில் இருந்த பெஞ்சுகளில் இல்லை. மாமியார் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் தேடிக் குடுக்குறே. நம்ம வீட்டு ஆளை விட்டுட்டியேம்மா."

மைக்கக்காவின் வாய் பழக்கத்தில் பேசியது. "அத்தை, நீங்க இந்த இடத்தை விட்டு அசையாதீங்க. மாமா திரும்பி வந்தா இங்கதான் வருவார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மைக் அறைக்கு நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. மகனின் கால் பாதி நேரம் தரையில் படவில்லை.

அறைக்குள் ஏற்கெனவே ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தையை அரைமணி நேரமாகக் காணவில்லையாம். டிக்கெட் ஜன்னலிலிருந்து மைக்குக்கு வந்திருந்த புதுப்பெண் பேனாவை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அம்மா, "மஞ்சள் கவுன். இல்ல, அது நேத்துப் போட்டது" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். மைக்கக்காவைப் பார்த்ததும் புதுப்பெண்ணுக்கு உயிர் வந்தது. விஷயத்தைக் கேட்டவள் இன்னொரு தாளை எடுத்தாள்.

"உங்க மாமனார் என்ன கலர் சட்டைக்கா?"

மைக்கக்கா வாயைத் திறந்தாள். காலையில் அந்தச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். கையில் பட்ட சூடு நினைவிருந்தது, நிறம் நினைவில்லை. வெள்ளை என்று தோன்றியது, உடனே சாம்பல் என்று தோன்றியது.

"நீலக் கோடு போட்டது" என்றாள் மகள். "மேல இருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் கறுப்பு."

மைக்கக்கா குழந்தையின் அம்மா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மைக்கை எடுத்தாள். முதலில் குழந்தைக்காக அறிவித்தாள். அடுத்து மாமனாருக்காக அறிவிக்கப் போனபோது தயங்கினாள். பெரிய மனிதரைக் காணவில்லை என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? ஒரு காது கேட்காதவருக்கு அறிவிப்பு எந்த மூலைக்கு? கடைசியில் அவரைக் கூப்பிடாமல், மைக்கில் ஊழியர்களிடம் பேசினாள். எழுபது வயதுப் பெரியவர், நீலக் கோடு போட்ட சட்டை, பார்த்தவர்கள் மைக் அறைக்குச் சொல்லவும். பிறகு ஒவ்வொரு காவலர் அறையாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

ஐந்தாவதாகப் பின்வாசல். காவலாளி சலித்துக்கொண்டார். "உங்க லைனுக்குத்தான்கா அப்பலேர்ந்து அடிச்சுட்டு இருக்கேன். பிஸி, பிஸின்னே வருது. நீங்க சொல்ற பெரியவர் இங்கதான் உக்காந்திருக்கார். கூட ஒரு சின்னப் பாப்பாவும் இருக்கு."

மைக்கக்காவும் பிள்ளைகளும் அந்தத் தம்பதியும் பேட்டரி வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பின்வாசலில், காவலாளியின் முக்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குழந்தை அவருடைய சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. ஒரு காலில் செருப்பு. செருப்பில்லாத காலில் அவருடைய கைக்குட்டை சுற்றிக் கட்டியிருந்தது.

வண்டி நிற்கும் முன்பே குழந்தையின் அப்பா குதித்தார். குழந்தையைப் பறித்துக்கொண்டு, "யாருய்யா நீ? என் பிள்ளையை எங்க தூக்கிட்டுப் போறே?" என்று கேட்டார். அவர் கேட்டது மாமனாரின் கேளாத இடது காதுப் பக்கம். மாமனார் பாதி புரிந்து, "ஆமாமா" என்று தலையாட்டினார். அந்த மனிதரின் கை மேலே போனது. நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள்.

மைக்கக்கா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். மைக்கில் பேசுகிற அதே குரலில், அவசரப்படாமல் சொன்னாள்.

"சார், இவர் என் மாமனார். நான் தேடிட்டு இருந்ததே இவரைத்தான். இடது காது கேட்காது. இந்தப் பக்கமா வந்து கேளுங்க, பதில் சொல்வார்."

பதிலைக் காவலாளி சொன்னார். குழாயடியில் தனியாக நின்ற குழந்தை பெரியவரின் விரலைப் பிடித்துக்கொண்டதாம். அங்கிருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தும் யாரும் தங்கள் பிள்ளை என்று சொல்லவில்லை. வாசலைத் தேடி நடந்தவர் வழி மாறிப் பின்வாசலுக்கு வந்துவிட்டார். "வந்ததும் மைக் ரூம் எங்கன்னுதான் கேட்டார். முன்வாசல்ல இருக்குன்னேன். பாப்பாவுக்குக் கால் சுடுது, நீ அங்க போன் போடு தம்பி, எம் மருமக அங்க இருக்கா, தொலைஞ்ச பிள்ளை யாரா இருந்தாலும் அவ கைக்குப் போயிட்டா வீடு போய்ச் சேர்ந்த மாதிரின்னார்."

மைக்கக்கா மாமனாரின் வலது பக்கமாகப் போய்க் குனிந்தாள்.

"நான்தான் இன்னைக்கு லீவாச்சே மாமா. உங்க கூடத்தானே வந்தேன்?"

அவர் சற்று யோசித்தார். "அட ஆமா" என்றார். "மறந்தே போச்சும்மா."

குழந்தையின் அப்பா பெரியவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனாருக்கு அதில் கவனமில்லை. இன்னொரு செருப்பு குழாயடியில்தான் கிடக்கும், யாரும் எடுப்பதற்குள் போய்ப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குட்டையை அவிழ்த்துத் தர வந்த அந்த அம்மாவிடம், கட்டு அப்படியே இருக்கட்டும் என்று கை காட்டினார்.

மரத்தடியில் மாமியார் நான்கு பைகளையும் அணைத்துக்கொண்டு, சொன்ன இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராமல் உட்கார்ந்திருந்தார். கணவரைக் கண்டதும் அழுகையாக வர இருந்தது வசவாக வந்தது. மாமனார் இடது பக்கத்தை அவருக்குக் கொடுத்தபடி வாகாக உட்கார்ந்து, முழுவதையும் பொறுமையாக வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரு முறை தண்ணீர் கேட்டார்.

அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார் மாமியார். நீர்யானையைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று மகன் ஒற்றைக் காலில் நின்றான். சரி என்று போனார்கள். குளத்தில் பச்சைத் தண்ணீரும் அதன் மேல் இரண்டு காதும்தான் தெரிந்தன. காது இரண்டும் அவ்வப்போது துடித்தன. மூடுகிற நேரத்துக்கான அறிவிப்பு வந்தது. புதுப்பெண் ஒரே மூச்சில் கொட்டினாள், பாதி புரியவில்லை. நாளைக்கு அவளிடம் நிறுத்திப் பேசச் சொல்ல வேண்டும் என்று மைக்கக்கா நினைத்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்திருந்த மகன், அது எப்போது முழுசாக வெளியே வரும் என்று கேட்டான். பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவளுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவளும் கம்பியில் சாய்ந்து நின்றாள்.