வால் சுருட்டிய எழுத்து

‘குல்பைரா, எழுத்துக்கோப்பாளர். அமைதியானவர், யாரோடும் இணங்கிப் போகக்கூடியவர்.’ டோக்மோக் நகர அச்சகம் கொடுத்த நற்சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன் நான். இதை எழுதியவர் அவரைப் பார்த்தது தொலைவிலிருந்தாக இருக்க வேண்டும்.

அவர் கணினியில் ஆயிரத்துக்கு மேல் எழுத்துருக்கள். அகரவரிசையெல்லாம் கிடையாது, கோபவரிசைதான். கல்யாணம், கறிக்கடை, துக்கம், குப்பை என்று அடுக்கியிருந்தார். கறிக்கடை எழுத்தில் யாராவது துக்கச் செய்தி கோத்தால் அன்று அவர் போடும் சத்தத்தில் அச்சகத்தில் யாருக்கும் தேநீர் இறங்காது. துக்க அடுக்கில் ஒன்றே ஒன்று இருந்தது. நேரான கால், கனத்த தோள். “எழவு வீட்டுல வாயத் திறக்காம பக்கத்துல வந்து உக்காருவானே, அந்த மாதிரி ஆளு இவன்” என்பார்.

குப்பைக்கு முதலில் போனது கணவர் மர்லிஸின் செல்ல எழுத்து. எழுத்துக்கு ஒரு வால், வாலுக்கு ஒரு சுருள். விருந்துகளில் மைக் பிடித்து ஊரைச் சிரிக்கவைப்பவர் மர்லிஸ்; அவர் சுவரொட்டிகள் எல்லாம் அதில்தான். மனைவி அசந்த நேரம் அதைக் கல்யாண அடுக்குக்கு மாற்றிவிடுவார். குல்பைரா திட்டிக்கொண்டே திரும்பக் குப்பையில் போடுவார். பாதித் தாம்பத்தியம் இதிலேயே கழிந்தது.

மர்லிஸ் இறந்தார். முதலாண்டு நினைவு விருந்துக்குள் கல்லறையில் கல் நிற்க வேண்டும். கொழுந்தன் கென்ஜே முந்திக்கொண்டு வெட்டவைத்து நட்டுவிட்டான். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், எல்லாமே வால் சுருட்டிக்கொண்டிருந்தன.

“இது கல்லா, கபாப் கடை போர்டா?”

“அண்ணனுக்குப் பிடிச்ச எழுத்து, அண்ணி.”

“உங்கண்ணனுக்கு வோட்காவும்தான் பிடிச்சுது. கல்லு மேல ஊத்துவியா?”

“உங்க எழுத்துல போட்டா யாரோ வரி ஆபீசரப் பொதச்சிருக்குன்னு நெனப்பாங்க. நாளைக்கு வர்றவங்களுக்கு இது அண்ணன்னு தெரிய வேணாமா?”

அது உண்மை என்பதால் குல்பைராவுக்கு இன்னும் கோபம் வந்தது. கல்லையே முறைத்துக்கொண்டு நின்றார்.

“சரி, அந்தாளு பேரு சிரிச்சிட்டுப் போகட்டும். செத்த வருஷம் எதுக்குடா சிரிக்குது?”



குல்பைரா கல் வெட்டியவரை அன்றே கல்லறைக்கு வரவழைத்தார். பெயரையும் பிறந்த வருடத்தையும் தொடவிடவில்லை. இறந்த வருடத்தை மட்டும் தேய்த்தெடுக்கச் செய்து, துக்க அடுக்கின் எழுத்தில் திரும்ப வெட்டவைத்தார்.