காலிக் கூடத்தில் மூன்று பலூன்கள்

மார்ச் 14, வியாழன்.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. ‘கூடம் காலி’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். பதிலுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கிறேன். அக்கா பாடகி. நாளை அவளுடைய முதல் தனிக் கச்சேரி. பல வருடம் பூட்டிக் கிடந்து இப்போதுதான் திறக்கிற பழைய கூடம். பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பார்கள். பாட்டு தொடங்கியதும் கதவுகளை வெளியிலிருந்து பூட்டிவிடுவது அங்கே வழக்கம். தெருச் சத்தம் துளிகூட உள்ளே வராது.

கூடத்தை அளந்து வரும்படி வாத்தியார் சொல்லியிருந்தார். மேடையில் நின்று பலூனை வெடிக்க வேண்டும். சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பதிவு செய்ய வேண்டும். காலிக் கூடத்தில் சத்தம் நீளும். ஆட்கள் இருந்தால் உடம்பும் துணியும் அதைக் குடித்துவிடும்.

உள்ளே வெறும் மர நாற்காலிகள். திரை இல்லை, விரிப்பு இல்லை. இரண்டு விநாடியாவது நீள வேண்டும்.

நேற்று மாலை 6.10. முதல் பலூன்.

டப்.

ஒரு விநாடிதான்.

என் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தானே. மைக்கை மாற்றினேன். வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆனால் புழுங்கியது... நெரிசலில் நிற்கும்போது வருமே, அந்தப் புழுக்கம்.

6.25. இரண்டாவது.

முக்கால் விநாடி.

ஹெட்போனில் துணி உரசும் சரசரப்பு. யாரோ இருமலை அடக்கினார்கள்.

6.31. மூன்றாவது.

தலையணைக்குள் வெடித்ததுபோல் இருந்தது.

மேடை விளிம்பில், என் காலடியில்... மூச்சு.

ஒருவருடையது அல்ல.

அப்போதுதான் அக்கா ஒத்திகைக்கு வந்தாள். இரண்டு வரி பாடினாள். முகம் மலர்ந்தது.

“டேய், இங்க பாட எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா? யாரோ பக்கத்துல நின்னு கேக்குற மாதிரியே இருக்கு.”

மைக்கைக் கழற்றிப் பையில் போட்டேன்.

இன்று வகுப்பில் வாத்தியார் பதிவைக் கேட்டார். காலிக் கூடத்தை அளக்கச் சொன்னால் கூட்டத்தை வைத்துக்கொண்டு அளந்திருக்கிறாயே என்று கடிந்துகொண்டார். மூன்றாவதை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டார்.

“இதுல யாருமே நாற்காலியில இல்ல. எல்லாரும் மேடைகிட்ட நெருக்கியடிச்சு நிக்கிறாங்க. அப்படி என்னப்பா வேடிக்கை அங்க?”

வீடு திரும்பும் வழியில் கூடத்துக்குப் போய், அதை ஏன் மூடினார்கள் என்று அங்கிருந்த காவலாளியிடம் கேட்டேன். கடைசிக் கச்சேரியில் தீப்பிடித்ததாம். கதவைப் பூட்டியவன் சாவியோடு டீ குடிக்கப் போயிருந்தானாம்.

“பாடினவங்க மட்டும் மேடைக்குப் பின்னாடி இருந்த சின்னக் கதவு வழியா தப்பிச்சிட்டாங்க தம்பி. வெளிய வந்ததும் பயத்துல அதையும் சாத்திட்டாங்க. மத்தவங்கள எல்லாம் மேடை அடியிலதான் எடுத்தோம்.”

அந்தச் சின்னக் கதவு இருந்த இடத்தில் இப்போது சுவர்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். “பலூனுக்குப் பயந்து கச்சேரிய நிறுத்தச் சொல்றியா? டிக்கெட் பூரா வித்தாச்சுடா.” கதவையாவது பூட்டாதீர்கள் என்று கச்சேரி நடத்துகிறவரிடம் கெஞ்சினேன். பூட்டினால்தான் அது அந்தக் கூடம் என்றார். அவ்வளவு பயமென்றால் சாவியை நானே வைத்துக்கொள்ளலாமாம். அக்காவும் அதுதான் சரி என்றுவிட்டாள்.

நாளை: ஐந்து மணிக்கு மைக்குகளைப் பொருத்த வேண்டும். அக்கா பாடத் தொடங்கியதும் கதவைப் பூட்டிவிட்டு, சாவியோடு வெளியே நிற்க வேண்டும்.