எல்லை போர்டு வரைக்கும் உயிர்

என் தங்கச்சி உங்கள் கட்டிலில்தான் செத்தாள், டாக்டரம்மா. ஜன்னலோரக் கட்டிலில், உங்கள் கண் முன்னால். செத்தவளுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டி ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள்.

அவளை எறையூர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். நான் அரியலூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்கு நான்தான் துணைக்குப் போனேன். காலையில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. அதற்குப் பிறகு தங்கச்சிக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்சுகள் ஓடினார்கள். ஓடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அந்த வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அந்த வருஷத்தில் எத்தனை பிரசவம், எத்தனை ஆபரேஷன், எத்தனை தடுப்பூசி என்று மார்க்கரில் எழுதி வைத்திருப்பார்கள். கடைசி வரி தாய் மரணம். அதற்கு நேராக ஒரு சைபர். மற்ற எண்களில் எல்லாம் அழித்து அழித்து எழுதிய தடம் இருந்தது. அந்த சைபரில் மட்டும் யாரும் கைவைத்த அடையாளமே இல்லை. பலகையோடு பிறந்த மாதிரி காய்ந்து கிடந்தது. வெளியில் நிற்க வைத்த நேரமெல்லாம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வட்டமாக வாயைத் திறந்து என்னைப் பார்த்தது.

உள்ளே கூப்பிட்டபோது அவள் பாதத்தைத் தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. நீங்கள் போனில் யாரிடமோ பேசி முடித்துவிட்டு வந்தீர்கள். "மூச்சு இருக்கு, சீக்கிரம் ஏத்துங்க" என்றீர்கள். பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற அரியலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீர்கள்.

உச்சி வெயில். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை வாசல் தாண்ட விடமாட்டார்கள். குழந்தையை அவள் மாமியாரிடம் கொடுத்துவிட்டு நான் வண்டியில் ஏறினேன். அவள் வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் வந்தார். வண்டியில் இருந்த உதவியாள், மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வார்டில் வேறொரு பெண்ணுக்கு மாஸ்க் போட்டிருந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். அவள் மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே பனி படிந்து படிந்து மறையும். என் தங்கச்சியின் மாஸ்க் கண்ணாடி டம்ளர் மாதிரி தெளிவாக இருந்தது.

சைரன் அலறிக்கொண்டே போனது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஜன்னலில் வெள்ளைத் தூள் படிந்துகொண்டே வந்து வெளியே மரம் எது, மனுஷன் எது என்று தெரியாமல் போனது. குழிக்குக் குழி அவள் தலை ஆடியது. நான் சொல்வதற்கெல்லாம் 'ம்' கொட்டுகிற மாதிரி இருந்தது. குழந்தைக்கு உன் மூக்குடி என்றேன். ஆடியது. பயப்படாதே என்றேன். ஆடியது. பேச்சை நிறுத்தினால் தலையும் நின்றுவிடும் என்று பயந்து பேசிக்கொண்டே இருந்தேன்.

மாவட்ட எல்லை போர்டைத் தாண்டியதும் சைரன் நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வேகமும் குறைந்தது. வழிவிட்ட லாரிகள் இப்போது ஒவ்வொன்றாக எங்களை முந்திக்கொண்டு போயின. உதவியாள் தரையைப் பார்த்தான். அந்த அமைதியில் நான் மட்டும் அவள் வாயில் மாஸ்க்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் தொட்டுப் பார்த்தார்கள். கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டால், அனுப்பும்போது உயிர் இருந்தது என்கிறார்கள். அப்படியானால் எங்கே போனது? சாவு வீட்டில் அவள் மாமியார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"இங்கேருந்து போறப்ப உசுரோடதான் போனா. அக்காக்காரி கையில போயிட்டா."

அன்றிலிருந்து அந்தக் குழந்தையை என் கையில் தருவதில்லை. தூங்குது என்பார்கள், பால் குடிக்குது என்பார்கள். வாசலோடு திரும்பி வருகிறேன். குழந்தையின் அப்பா என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

தங்கச்சியின் போன் அவள் பையோடு என்னிடம் வந்துவிட்டது. அதை அணைக்க மனசு வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அது அடித்தது. பதிவு செய்த பெண் குரல். வாழ்த்துகள் தாயே என்றது. நீங்கள் நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள், உடல் உபாதை இருந்தால் இரண்டை அழுத்துங்கள் என்றது. இரண்டை அழுத்தினேன். பக்கத்து சுகாதார நிலையத்துக்கு உடனே செல்லுங்கள் என்றது. அடுத்த செவ்வாயும் வந்தது. எதையும் அழுத்தாமல் காதில் வைத்திருந்தேன். மறுபடி கேட்டது, மறுபடி கேட்டது, நன்றி தாயே என்று வைத்துவிட்டது. செத்தவளுக்கு என்று அதில் எண் இல்லை. பிறகு ஒரு மெசேஜ் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனை முடிந்தது, தாய் நலம் என்று. யார் போய்ப் பார்த்தார்கள்? எந்தக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார்கள்? அன்று பட்டப்பகலில் என் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி ஓட்டியவரைத் தேடிப் போனேன். சிறுவாச்சூர் ரோட்டோர டீக்கடையில் கிடைத்தார். திட்டுவேன் என்று நினைத்து எழுந்தார். நான் சைரனைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லை வரைக்கும் உசுரு இருக்கணும்க்கா. அதுக்கு அந்தாண்ட செத்தா இவங்க கணக்குல ஏறாது."

"அப்ப நீங்க ஏத்துறப்பவே…"

"டாக்டர் உசுரு இருக்குன்னா, நான் இல்லைன்னு சொல்ல முடியுமா? சைரன் போட்டு ஓட்டுனேன்."

அவர் சொல்லித்தான் மீதியும் தெரிந்தது. மாசா மாசம் மீட்டிங். எந்த ஆஸ்பத்திரியில் தாய் செத்தாலும் அந்த டாக்டரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்களாம். சைபர் வைத்திருப்பவர்களுக்குக் கைதட்டுவார்களாம்.

எண்ணுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணுங்கள். எங்கே தாய்மார்கள் சாகிறார்கள் என்று தெரிந்தால்தானே அங்கே ரத்தம் வரும், ஆள் வரும். அன்று உங்களிடம் ரத்தம் இல்லை. அதைக் கேட்டு வாங்க உங்கள் பலகையில் ஒரு எண் ஏறியிருக்க வேண்டும். அந்த எண் என் தங்கச்சி. அவளை அழித்துவிட்டு சைபரைக் காப்பாற்றினீர்கள். அதே ஜன்னலோரக் கட்டிலில் இன்று வேறொருத்தி படுத்திருக்கிறாள். அவளுக்கும் ரத்தம் இல்லை. கேட்டால் பலகை சொல்லும், இங்கே யாரும் சாகவில்லை என்று.

உங்கள் அறைக்குள் கூப்பிட்டு என்னிடம் தனியாக எதுவும் சொல்ல வேண்டாம். எறையூர்ப் பக்கம் என் தங்கச்சி வாழ்ந்த ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது வாருங்கள். அவள் மாமியார் இருப்பார், வீட்டுக்காரர் இருப்பார், குழந்தையும் இருக்கும். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள், டாக்டரம்மா. அவள் உங்கள் கட்டிலில் செத்தாளா, என் கையில் செத்தாளா?