ஒரு பக்கம் ஜிம்மி

"மேகசின் தாண்டியாச்சு. ஆயர் ஈத்தாம் வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது லா" என்று சொல்லியபடி அய்யாக்கண்ணு நாயின் முதுகிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிடுங்கி எறிந்தார். மண்ணெண்ணெய்ப் பெட்டியின்மேல் நின்ற நாய் கொட்டாவி விட்டது.

பினாங்கு டிராமில் பதினோரு வருடக் கண்டக்டர் அவர். நாயின் மூக்கு அவருக்கு டிராம் புறப்படும் ஜெட்டிப் படகுத்துறை, கழுத்து சூலியா தெரு, நடுமுதுகு மேகசின், வால் கடைசி நிறுத்தமான ஆயர் ஈத்தாம். டிக்கெட்டில் ஓட்டை போட்டுப் போட்டு இறுகிய கட்டைவிரல். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பி போன்ற அந்த முடியை அது படியும் திசையிலேயே சுண்டி எடுப்பார். செத்த முடி மட்டும் வரும், நாய்க்கு வலிக்காது. கத்தரிக்கோல் பட்டால் பஞ்சாகிவிடும் என்று யாரும் கேட்காமலே சொல்வார். விரல் வழுக்காமலிருக்க அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொள்ளச் சொன்னவள் மனைவி லெட்சுமி.

"நேத்து கொழம்புல முடி" என்பாள் அவள்.

"கறுப்பா, வெள்ளையா?"

"வெள்ளை."

"அப்ப என்னோடது" என்று தன் தலையைத் தடவிக் காட்டுவார்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், டிராம் பெஞ்சுக்கடியில் கம்பளி மூட்டை போலக் கிடந்தது அந்த நாய். யாராவது கேட்டு வரும்வரை வைத்திரு என்றார்கள் ஆபீசில். முடியை உரிக்க உரிக்க உள்ளேயிருந்து மீசையும் தாடியுமாக ஒரு கனவான் வெளிப்பட்டார். மீசை என்றே பெயராயிற்று. சில மாதங்களில் கனவான் மறுபடி மூட்டையாவார். மறுபடி உரிக்க வேண்டும். யாரோ கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அய்யாக்கண்ணுவை விடவில்லை.

அன்று வலப்பக்கம் மட்டும் உரித்து முடிந்த நேரம், தெருவில் டிராம் மணி அடித்தது. மீசை பெட்டியிலிருந்து குதித்து வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதைக்கு ஓடியது. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார் அய்யாக்கண்ணு.

வெள்ளைக் கோட்டும் குடையுமாக ஒருவர் அங்கே திகைத்து நின்றார். "ஜிம்மி?" என்றார். நாய் திரும்பி வாலை ஆட்டியது.

வந்தவர் நாயின் வலப்பக்கம் போய்ப் பார்த்தார். "இது வேற யாரோ." இடப்பக்கம் வந்தார். "இது ஜிம்மியேதான்." மறுபடி சுற்றினார். நாயும் கூடவே சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு லெட்சுமி சிரித்தாள்.

அவர் முத்துவீரப்பன், நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

"டிராம்ல கெடைச்சதுங்க. உங்களோடதுன்னா கூட்டிட்டுப் போங்க" என்றார் அய்யாக்கண்ணு.

முத்துவீரப்பன் இரண்டடி பின்வாங்கினார். "அண்ணே, மெதுவா பேசுங்க. இது எங்க துரையோட நாய். டாக்டர்கிட்ட காட்டக் கொண்டாந்தப்ப தொலைச்சிட்டேன். காய்ச்சல்ல செத்துப்போச்சு, அங்கேயே பொதைச்சிட்டேன்னு சொல்லிட்டேன். அவரு பங்களா தோட்டத்துல கல்லு நட்டு, பேரு வெட்டி வச்சிருக்காரு. வாராவாரம் நான்தான் பூ வைக்கிறேன்."

"இப்ப என்னங்க செய்யிறது?"

"மாசம் ரெண்டு தடவை துரை இந்த வழியாத்தான் கிளப்புக்குப் போறாரு. இந்த உரிக்காத பக்கத்தைப் பார்த்தாருன்னா என் வேலை போச்சு. இதையும் உரிச்சிடுங்கண்ணே. உங்க நாய் மாதிரியே ஆக்கிடுங்க."

'உங்க நாய்' என்ற சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார் அய்யாக்கண்ணு. மீசையை அள்ளி உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் ஏற்றினார். அவசரத்தில் சாம்பலைத் தொட மறந்ததால் முடி வழுக்கி வழுக்கிப் போயிற்று. பக்கத்தில் நின்று பார்த்த முத்துவீரப்பன் கோட்டைக் கழற்றி லெட்சுமியிடம் நீட்டினார். விரலைவிட்டு வர மறுத்த கல் மோதிரத்தை எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாயின் இடப்பக்கமாகக் குந்தினார்.