இடம் தவறி வந்த ஆமென்

2003 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் போதகர் மரண அறிவிப்பு வாசித்தார். முடிப்பதற்குள் என் மகள் ஜெமி உரத்த குரலில் "ஆமென்" என்றாள். இறந்தவரின் மகன் திரும்பிப் பார்த்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

கண் சிமிட்டலும் தோள் வெட்டலும் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அந்த வருடம்தான் இந்தச் சொல் சேர்ந்தது. முதலில் மூப்பர் ஒருவர், "பிள்ளைக்கு நல்ல பக்தி, கேட்டியா" என்று பாராட்டினார். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவரே அசுத்த ஆவி என்றார்.

வீட்டில் ஆவியை விரட்டும் விடுதலை ஜெபம் நடந்தது. ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க ஜெமிக்கு அந்தச் சொல் அடங்காமல் வந்தது. என் கொழுந்தன் வாசலுக்கு வந்து, "மதினி, ஆமென் சொல்லுத பிசாசை நான் இப்பதான் காணுதேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேராயர் தலைமேல் கை வைத்துப் பிள்ளைகளைச் சபையின் முழு அங்கமாகச் சேர்க்கும் சடங்கு திடப்படுத்தல்; சபைக் கமிட்டி அவளுக்கு அதை நிறுத்தி வைத்தது. அது இல்லாமல் எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து கிடையாது. "நான் வேணும்னு சொல்லலை அம்மா. தும்மல் மாதிரி வருது. இனி நான் கோயிலுக்கு வரலை" என்றாள் ஜெமி. அன்று முழங்காலில் நின்று கேட்டேன்: ஆண்டவரே, உம் பந்தியில் என் பிள்ளைக்கு இடம் கொடும்.

அந்த வாரம் என் அலுவலகத் தோழி ஒரு நரம்பியல் மருத்துவரைப் பற்றிச் சொன்னார். போனோம். அவர் ஜெமியிடமே நெடுநேரம் பேசினார். "இதுக்குப் பேரு டூரெட் சின்ட்ரோம், அசைவும் சொல்லும் தன்னால வருத நரம்புக் கோளாறு. பேயும் இல்லை, அடமும் இல்லை, கேட்டோ" என்றார்.

மாத்திரையோடு அவர் விடவில்லை. மனநல மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், ஜெமியின் வகுப்பாசிரியை எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். ஜெமிக்கும் நாற்காலி போட்டார்கள். சொல் தொண்டையில் முட்டும்போது உதட்டை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிட உளவியலாளர் பழக்கினார். பிறகு என்னிடம் கேட்டார்: "இவ சொல்லும்போது யாரு திரும்பிப் பாக்கும்?"

"சபை முழுக்க."

"அப்ப சபைக்கும் சிகிச்சை வேணும். போதகரை அழைச்சிட்டு வாங்க."

போதகர் வந்தார். ஒரு மணி நேரம் கேட்டார். அடுத்த ஞாயிறு, ஜெமியின் சம்மதத்தோடு, சபையில் அறிவித்தார்: "இது வியாதி. யாரும் திரும்பவேண்டாம், அடக்கவேண்டாம்." கமிட்டியும் இறங்கி வந்தது. மாதங்கள் போகப்போக அந்தச் சொல் குறைந்தது. முழுவதும் போகவில்லை.

2004இல் திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் அவள் தலைமேல் கை வைத்தார். நடுவில் அவள் குரல் எழுந்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரம் அருகே வந்தபோது அவள் தோள் வெட்டியது. போதகர் பாத்திரத்தைப் பிடித்தபடி காத்து நின்றார். தோள் அடங்கியது. குடித்தாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்தது.

இதை எழுதும் 2008இல் ஜெமி கல்லூரியில் படிக்கிறாள். அந்த நரம்பியல் மருத்துவரின் மருத்துவமனைக்குப் புதிதாக வரும் பெற்றோரிடம் அவளே பேசுகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். முழங்காலில் நின்று கேளுங்கள். பிறகு எழுந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார்.